அசையாமல் நின்றவள்

ஆம்பூரில் ட்ரோன் வைத்திருக்கிறேன் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு ஷூ கம்பெனி தன் கட்டடத்தை மேலிருந்து படம் எடுத்துத் தரச் சொன்னபோது அது தலைக்கே ஏறிவிட்டது. அதே கம்பெனியில்தான் என் மனைவி ஷூவின் மேல்தோலைத் தைக்கிறாள். மேனேஜருக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை.

"வெயில் ஏர்றதுக்கு முன்ன எடுக்கணும் சார்" என்றேன்.

"அப்ப ஷிஃப்ட்டுக்கு ஆளுங்க வருவாங்களே. எங்களுக்கு பில்டிங் மட்டும் போதும்."

"வரட்டும் சார். ஒருத்தர்கூட தெரிய மாட்டாங்க."

பெரிய வித்தை ஒன்றுமில்லை. கேமராவின் முன்னால் என்.டி. ஃபில்டர் என்கிற கருப்புக் கண்ணாடியை மாட்டினால் உள்ளே போகும் வெளிச்சம் குறைந்துவிடும். படம் பதியச் சில நொடிகள் பிடிக்கும். அதற்குள் நடந்து போகிறவர்கள் கரைந்துபோவார்கள்; அசையாத கட்டடம் மட்டும் நிற்கும். இதை வீட்டுக்கு வந்து மனைவியிடமும் பீற்றிக்கொண்டேன்.

"அப்ப அசையாம நின்னா நான் தெரிவேனா?" என்றாள்.

"நின்னா தெரிவ" என்றேன், விளையாட்டாக.

மறுநாள் எடுத்த படத்தை மேனேஜர் அறையில் லேப்டாப்பில் திறந்தேன். அத்தனை பெண்கள் நடந்து போன வாசல் கழுவிவிட்டதுபோல் கிடந்தது. நடுவில் ஒரே ஒருத்தி. சாப்பாட்டுப் பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி நின்றிருந்தாள். முகம் மிளகளவுதான். எனக்கு அது போதும்.

"இன்னாங்க சார், ஒரு லேடி மட்டும் நிக்குது? தெரிஞ்சவங்களா?"

அவர் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு டீ வரவழைத்து, வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டுக்கொண்டிருந்தார். கீழே தைக்கிறவளின் புருஷன் என்று தெரிந்தால் அந்த சார் போய்விடும் என்று பயந்தேன்.

"தெரியல சார். யாரோ ஒர்க்கர்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்திலேயே பக்கத்துச் சிமென்ட் தரையை நகலெடுத்து அவள்மேல் போட்டு மூடினேன். வெட்கங்கெட்டவன், "இப்ப பாருங்க சார்" என்று வேறு சொன்னேன்.

படத்தைப் பெரிதாக அச்சடித்து வரவேற்பறையில் மாட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில், தன்னோடு தைக்கும் பெண்களையெல்லாம் அவள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள்.

"எல்லாரும் தேடுனோம், நான் இல்லவே இல்ல" என்றாள் அன்று சாயங்காலம். "பொம்பளைங்க ஒரே சிரிப்பு. மூச்சு வுட்டேன்ல, அதுல ஆடிட்டேன் போல."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இதை எழுதும்போதுகூட மானம் போகிறது.

"ஆமா, கொஞ்சம் ஆடிட்ட" என்றேன்.

அவள் அதை நம்பினாள். தட்டில் சோற்றைப் போட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

"அடுத்த வாட்டி மூச்ச புடிச்சிக்கினு நிக்கிறேன்" என்றாள்.