ரேகை தேய்ந்த அக்கா

எங்கள் மருந்துக் கம்பெனியில் அவரை எல்லோரும் சோப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக ஒரே வேலை: மருந்தில் ஒளிந்திருக்கக்கூடிய வைரஸை ஒழிப்பது. மருந்தை அமிலத்தில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். குறைந்தால் வைரஸ் பிழைத்துக்கொள்ளும். ஒன்றரை மணி தாண்டினால் மருந்தே கெட்டுவிடும். அமிலத்திலும் தப்பிய வைரஸ் இருந்தால் அடுத்த வடிகட்டியில் மாட்டும்.

நான் அவருடைய மேலாளர். "தம்பி, விரல் இடுக்கக் கழுவாம விட்டுட்டீங்க" என்று என்னையே குழாயடிக்குத் திருப்பி அனுப்புவார். வீட்டிலும் அப்படித்தான். மருமகன் முதன்முதலாக வந்தபோது, 'வாங்க' என்பதற்கு முன்பே சோப்பை நீட்டியவர்.

போன மாதம் சுத்திகரிப்பு அறைக்குக் கைரேகைப் பூட்டு போட்டேன். எனக்கு ஒரே பெருமை. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் கழுவிட்டு வந்து இந்த ஒரே கண்ணாடியத் தொட்டா, கழுவினது எதுக்கு தம்பி?"

"இப்பல்லாம் இப்படித்தான்க்கா" என்றேன், எரிச்சலாக.

பதிவு செய்த அன்றே பூட்டு அவர் விரலைப் பார்த்துத் திணறியது. கூட வேலை செய்யும் பெண்தான் தினமும் திறந்துவிடுவாள். நான் கண்டுகொள்ளவில்லை.

போன வாரம் அந்தப் பெண் லீவு. மருந்து அமிலத்தில் இருந்த நேரத்தில், ஒரு கையெழுத்துக்காக அக்காவை மாடிக்கு அழைத்து, கால் மணி நேரம் வளவளத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன்.

"தம்பி, கதவு திறக்கல. பத்து விரலும் வச்சுப் பாத்துட்டேன். இன்னும் பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கு. இருபது நாள் வேலை வீணாப் போயிடும்."

அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். படிகளில் உருண்டு விழாத குறையாக ஓடி, விரலை வைத்தேன். உடனே பச்சை விளக்கு. பத்தொன்பது வருஷ சோப்பு அவர் ரேகையைத் தின்றுவிட்டது. என் ரேகை கல்வெட்டு மாதிரி அப்படியே இருந்தது. வெட்கமாக இருந்தது.

அந்த அவசரத்திலும் கையைச் சுத்தம் செய்து, உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போனார். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் அமிலத்தை முறித்து மருந்தைக் காப்பாற்றினார்.

பூட்டைக் கழற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினேன். ஒருவர் விரலுக்காகக் கழற்ற முடியாது, நீங்களே திறந்துவிடுங்கள் என்று பதில் வந்தது. இப்போது தினமும் கதவருகே நிற்கிறேன்.

"தொடுறதுக்கு முன்னாடி கழுவுங்க தம்பி. தொட்டப்புறமும்" என்கிறார் அக்கா.

கழுவுகிறேன். இதே வேகத்தில் போனால் எனக்கும் கதவு திறக்காது. இரண்டு பேர் விரல் என்றால் மேலிடம் யோசிக்கும் என்று அக்கா நம்புகிறார்.