அழகுமலை ஜீப்பில் ஏறிய ஆட்டுக்காரி

போடிநாயக்கனூரில் விடியுமுன்னே கிளம்பும் ஆள் வண்டிகளில் அழகுமலையின் ஜீப்பும் ஒன்று. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி, வளைவு வளைவாக மலை ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் கேரளப் பக்கத்துப் பூப்பாறைத் தோட்டங்களில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார்.

எந்த வண்டியில் போவதென்று பெண்கள் தனித்தனியாக முடிவு செய்வதில்லை. கூட்டத்தில் மூத்தவளான வேலுத்தாய் தன் தூக்குவாளியை எந்த ஜீப்பின் கம்பியில் மாட்டுகிறாளோ அதில்தான் எல்லோரும் ஏறுவார்கள். வாளி இடம் மாறினால் அழகுமலை காலி வண்டியோடு நிற்க வேண்டியதுதான்.

பாட்டு எல்லா ஜீப்பிலும் ஓடும். அழகுமலையின் ஜீப்பில் மட்டும் ஸ்பீக்கரில் ஆட்கள் பேசுவார்கள். கைபேசியில் யார் யாரையோ தேடிப் பின்தொடர்ந்து, அவர்களுடைய வீடியோக்களை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வார். வளைவுகளில் சிக்னல் நிற்காது. வண்டி கிளம்பிய பிறகு அவர் கைபேசியைத் தொடுவதும் இல்லை. அதனால் எதுவானாலும் முதல் நாளே கேட்டுப் பார்த்துவிடுவார், முழுதாக, கடைசிவரை.

அப்படியும் தவறும். வாழ்க்கையில் முன்னேறச் சொல்லும் ஒருவரை ஒரு நாள் போட்டார். "காலை நான்கு மணிக்கு எழுந்து பழகுங்கள்" என்று அவர் தொடங்கியதும் வேலுத்தாய் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"நாங்க அதுக்கு முன்னயே எந்திரிச்சு சோறாக்கிட்டு வந்திருக்கோம். அந்த ஆள எறக்கி விடுப்பா."

சமையல்காரப் பெண்மணி ஒருத்தி வந்தாள். வெறும் வயிற்றில் சுக்கா வறுவலின் கதையைக் கேட்க முடியாமல் முழு வண்டியும் அவளைச் சபித்தது.

இதெல்லாம் சிரிப்போடு போனது. ஒரு வியாழக்கிழமை நகைச்சுவைக்காரர் ஒருவரைப் போட்டதுதான் வினையாகிவிட்டது. வீட்டில் கேட்டபோது அழகுமலை கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தார். ஆனால் வீட்டில் வளைவு இல்லை. மலையில் ஒவ்வொரு வளைவிலும் ஆரன் அடித்தாக வேண்டும். அந்த மனிதரோ சிரிக்க வேண்டிய வார்த்தையை ஒவ்வொரு முறையும் கடைசியில் வைத்திருந்தார். கதை வளர்ந்து வளர்ந்து வரும், வளைவு வரும், ஆரன் அதை விழுங்கிவிடும். முன் சீட்டில் ஸ்பீக்கரை ஒட்டி உட்கார்ந்திருந்த முத்துப்பிரியாவுக்கு மட்டும் கேட்டது. அவள் சிரித்தாள். சிரித்தவள் பழக்கத்தில் பின்னால் திரும்பினாள். பின்னால், கதவை ஒட்டி, வேலுத்தாய். கதையோ ஒரு மாமியாரைப் பற்றியது. வேலுத்தாயும் ஒரு மாமியார்தான்.

"எவளப் பாத்துடி சிரிக்கிற?"

"ஒங்கள இல்ல மதினி, அந்தாளு சொன்னதுக்கு."

"அவன் சொன்னதுக்கு என்னைய எதுக்குத் திரும்பிப் பாக்குற?"

அடுத்த வளைவிலும் அதே கதை. பூப்பாறை வருவதற்குள் முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் பேச்சு அறுந்துவிட்டது. இறங்கும்போது வேலுத்தாய் வாளியைக் கழற்றிக்கொண்டு சொன்னாள்:

"இந்த வாரம் ஓடட்டும். திங்கக்கெழமையிலருந்து நாங்க சின்ராசு வண்டியில போய்க்கிறோம்ப்பா. அங்க பாட்டுதான். பாட்டக் கேட்டு எவளும் எவளையும் பாத்துச் சிரிக்கிறதில்ல."

சின்ராசு அழகுமலைக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவர். வேலுத்தாய் சொல்லிவிட்டு மாற்றுகிற ஆளும் இல்லை.

ஸ்பீக்கரைப் பின்னால் கொண்டுபோகலாம். முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. ஆரனை நிறுத்த முடியாது. ஆளைத்தான் மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு அழகுமலை வந்தார். பாதி காதில் விழாவிட்டாலும் ருசிக்கிற ஆள் வேண்டும்.

பெருங்கூட்டம் பின்தொடரும் ஆட்களை எல்லாம் அலசினார். எல்லோரும் ஒரே மாதிரி கத்தினார்கள். சலித்துப்போய், செல்லப் பிராணிகளிடம் கோபப்படக் கூடாது என்று ஒரு பட்டணத்துப் பெண் பேசிய வீடியோவுக்குக் கீழே, வந்திருந்த கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்று:

"எங்க தாசில்தாரு வந்து உங்க வீட்டு முருங்கையக் கடிக்கட்டும், அப்புறம் சொல்லு தாயி."

அழகுமலை சிரித்துவிட்டார். வீடியோவைவிட அடியில் எழுதியவள் நன்றாயிருக்கிறாளே என்று பெயரைத் தொட்டார். முனீஸ்வரி, பொட்டிபுரம். ஆடு மேய்ப்பவள். பின்தொடர்கிறவர்கள் ஒரு கைக்குள் அடங்குவார்கள் போலிருந்தது. படத்தில் பாதி நேரம் வானம், மீதி நேரம் ஆட்டு முதுகு. ஆனால் அவள் வாய் ஓயவில்லை. தாசில்தார் என்பது ஒரு கிடா.

"ஏய் தாசில்தாரு! ஒனக்கு மனு எழுதிக் குடுத்தாத்தான் வருவியா? நடையப் பாரு, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கெளம்புற மாதிரி. அங்க எங்க போற? அது ஒங்கப்பன் வீட்டு வேலியா?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் ஜீப்பை முடுக்கிவிட்டு, மனைவி அன்னக்கொடியைப் பின் சீட்டில், கதவை ஒட்டி, உட்கார வைத்தார். வீடியோவை ஓடவிட்டார். நடுநடுவே ஆரன் அடித்தார். எதிர்வீட்டுக் கோட்டைச்சாமி வெளியே வந்தார்.

"என்ன அண்ணே, எங்க பயணம்?"

"எங்கயும் இல்லப்பா."

"அப்ப ஆரன் யாருக்கு?"

"டீசல ஊத்தி ஆட்டுச் சத்தம் கேக்குற ஒரே மனுசன் இவருதான்" என்றாள் அன்னக்கொடி. ஆனால் இறங்கவில்லை. அழகுமலை இன்னொரு முறை நீளமாக அடித்துவிட்டுத் திரும்பினார்.

"இப்ப என்ன சொன்னா?"

"எனக்கென்ன தெரியும்? ஆனா அது வேலியத் தாண்டிருச்சு."

"கேக்கலேங்கிற, எப்பிடித் தெரியும்?"

"அவ வையிற வேகத்துலயே தெரியலையா? சும்மா இருங்க, அடுத்து என்னன்னு கேப்போம்."

திங்கட்கிழமை டீக்கடை முன்னால் இரண்டு ஜீப்பும் நின்றன. வேலுத்தாய் சொன்னபடியே வாளியைச் சின்ராசு வண்டியின் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் டீ வாங்க வந்தாள். அழகுமலை ஸ்பீக்கரைப் போட்டு, முனீஸ்வரியைப் பேசவிட்டார்.

முதலில் முத்துப்பிரியா கிளாசோடு வந்து நின்றாள். பிறகு இன்னும் இரண்டு பேர். வேலுத்தாய் தள்ளியே நின்றாள். காது மட்டும் இந்தப் பக்கம். முனீஸ்வரி வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் கிடாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கெஞ்சல் மெல்ல மிரட்டலாயிற்று. சின்ராசு வண்டிக்குள்ளிருந்து ஆரன் அடித்தார்.

"வெரசா ஏறுங்க ஆத்தா, நேரமாச்சு."

"பொறு மாப்ளே, அது இன்னும் வேலிக்கு அங்கிட்டே நிக்கிது" என்றாள் வேலுத்தாய்.

"எது?"

"தாசில்தாரு."

சின்ராசு தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். தெருவில் அப்படி யாரும் இல்லை.

டீ முடிந்தும் கிடா திரும்பவில்லை. வேலுத்தாய் கிளாசை வைத்துவிட்டு முத்துப்பிரியாவைப் பார்த்தாள். வியாழனுக்குப் பிறகு அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஏ, அந்த வாளிய எடுத்துட்டு வா. போற வழியில கேட்டுக்கிருவோம்."

மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் ஆரன் எதையாவது விழுங்கியது. விழுங்கியதைப் பின் சீட்டு தானே நிரப்பிக்கொண்டது. முருங்கையைத் தின்றிருக்கும் என்றாள் ஒருத்தி. இல்லை, துணிக்கொடியில் சேலை கிடந்திருக்கும் என்றாள் வேலுத்தாய். பூப்பாறைவரை தாசில்தாருக்கு ஆதரவாகவும் எதிராகவும் வாதம் நடந்தது. இறங்கும்போது வேலுத்தாய் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்கு இவ வருவாள்ல?"

இரண்டு நாள் கழித்துச் சின்ராசு டீக்கடையில் அழகுமலையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, அந்த ஆட்டுக்காரி பேரு என்னண்ணே? என் வண்டியிலயும் கேக்குறாக."

அழகுமலை டீயை ஆற்றினார். ஆற்றிக்கொண்டே இருந்தார். வேலுத்தாய்க்கு அது புரிந்துவிட்டது.

"சொல்லுப்பா. நாங்க எங்கயும் போகல. அந்தப் புள்ள அங்க வெயில்ல தொண்டத்தண்ணி வத்தக் கத்துது, நாலு பேரு கேட்டாத்தான் என்ன?"

அழகுமலை பெயரைச் சொன்னார். சின்ராசு அங்கேயே தேடிப் பின்தொடர்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு டிரைவர்கள் கைபேசியை எடுத்தார்கள்.

அழகுமலை அதற்குள் ஜீப்புக்குப் போய்விட்டார். முனீஸ்வரியின் நேற்றைய வீடியோவுக்குக் கீழே யாரோ ஒரு தையல்காரர், தாசில்தாருக்குச் சட்டை தைத்துத் தருவதாகவும் கழுத்தளவு தெரிந்தால் போதும் என்றும் எழுதியிருந்தார். அந்த ஆளின் பெயரைத் தொட்டுப் பார்க்க அவருக்கு அவசரம். வண்டி கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.