சிவப்பைத் தடுக்கும் சில்லு

தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்து ஊரில் கல்யாணம், ஞானஸ்நானம், சாவு எதுவானாலும் படம் பிடிக்க காத்ரீன் பியூக்கஸ்தான் வரவேண்டும். பகலில் பள்ளிக்கூட அலுவலகத்தில் மணியடிப்பது முதல் மாற்றுச் சான்றிதழ் வரை எல்லாம் அவள் தலையில். ஐம்பத்திரண்டு வயதில் சொந்தமென்று இருப்பது ஒரே ஒரு மிரர்லெஸ் கேமரா. சனிக்கிழமை மணப்பெண்ணைப் பிடிக்கும் அதே கேமரா, நிலா இல்லாத நாட்களில் கொல்லையில் நின்று கரீனா நெபுலாவைப் பிடிக்கும்.

கரீனா, நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு சிவந்த வாயு மேகம். ஆனால் கடைக் கேமராவுக்குள் ஒரு கண்ணாடிச் சில்லு உண்டு. அந்தச் சிவப்பில் முக்கால்வாசியை அது உள்ளே விடாது. அதனால் இரண்டிரண்டு நிமிடமாக நூற்றுக்கணக்கில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். மூன்று குளிர்காலமாக அடுக்குகிறாள், இன்னும் வெளிர் ரோஜாதான்.

போன வாரம் கேப்டவுனிலிருந்து வந்த ஒரு கேமரா மெக்கானிக், "சில்லக் கழட்டிடலாம், காசே வேண்டாம். ஒரே ராத்திரில சிவப்பு கொட்டும்" என்றான்.

"அப்ப எங்க பழுப்பு நெறச் சனங்க மூஞ்சி?"

"கொஞ்சம் செக்கச்செவேல்னு விழும். கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம்."

"சரி பண்ணிச் சரி பண்ணித்தான் இத்தன வருஷம் எங்கள கரிக்கட்டையாவும் சாம்பலாவும் காட்டுனாங்க. நீ போய்ட்டு வா ராசா."

வீம்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, அன்று அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆசை யாரை விட்டது?

ஆகஸ்ட் குளிரில் நிலா இல்லாத கடைசி நாள். லென்ஸில் பனி உறையாமலிருக்க, கம்பளிச் சாக்ஸில் சுட்ட கல்லைப் போட்டுச் சுற்றினாள். மூன்று மணி நேரம்தான். அதற்குள் கரீனா குன்றுக்குப் பின்னால் இறங்கிவிடும், இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.

வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. வேலியும் வீடும் கரைந்துபோய், நட்சத்திரங்களுக்கு நடுவே நாற்காலியோடு தான் மிதப்பதாக அவளுக்குத் தோன்றியது. பதினோராவது படத்தில், திரையின் ஓரத்தில், மெல்லிய சிவப்பு.

அப்போதுதான் வாசலில் வண்டி வந்து நின்றது. பக்கத்துத் தெரு ஹெண்ட்ரிக்.

"ஆன்ட்டி, வண்டி லைட்ட அணைச்சிட்டேன், திட்டாதீங்க. அப்பா விடியற வரைக்கும் தாங்கமாட்டார்னு நர்ஸ் சொல்றாங்க. தன்ன ஒரு படம் எடுக்கச் சொல்றார். இப்பவே."

ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு கேமராவைக் கழற்றினாள். அவளுக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது.

ஹெண்ட்ரிக்கின் அப்பா அப்பூல்ஸ், ஆட்டு ரோமம் கத்தரித்தே வாழ்ந்தவர், தலையணையில் சாய்ந்திருந்தார்.

"என்ன பிள்ள, நட்சத்திரத்த விட்டுட்டு கிழவனப் பிடிக்க வந்துட்டியா?"

"அதுங்க வாயாடாது மாமா. நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

விளக்கை அவர் கன்னத்தருகே நகர்த்தி ஆறு படம் எடுத்தாள்.

"காட்டு. அடையாள அட்டையில ரெண்டு கண்ணும் ஒரு இருட்டும்தான் இருக்கு."

காட்டினாள். கன்னத்தின் பழுப்பு, நெற்றியில் வெயில் போட்ட செம்பு நிறம், கத்தரி கிழித்த தழும்பு எல்லாம் உள்ளது உள்ளபடி விழுந்திருந்தன. அவர் விரலால் திரையைத் தொட்டார்.

"டேய் ஹெண்ட்ரிக், இங்க வா" என்றார். "பாருடா. இது நான்தான்."