முகர்ந்து பார்த்த நிபுணர்

அன்று தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் அப்பா, அம்மா, தங்கை, நான் எல்லாரும் இருந்தோம். பழைய நாணயங்களைச் சேர்த்து வைத்துவிட்டுச் செத்துப்போன பெரியப்பா மட்டும் இல்லை. அவற்றை விற்றால் தங்கையின் தாதியர் படிப்புக்குக் காசு கட்டலாம். ஹட்டனிலிருந்து வந்த நிபுணர் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தார். கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியைத் தொடவேயில்லை.

“இத இங்க வித்தா பாவம் தம்பி. கொழும்புக்குக் கொண்டு போவோம்.”

“நீங்களே வாங்கிக்கங்களேன்,” என்றார் அம்மா.

“நான் வாங்குற ஆள் இல்லங்க, யோசன சொல்ற ஆளு.”

பட்டதாரியான நான்தான் வேன் பிடித்தேன். இரண்டு மூட்டை லீக்ஸ் காய்கறியோடு முன்சீட்டில் ஏறியவர், கொழும்பில் மகள் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டார். யோசனைக்கென்று ஒரு சதமும் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை இன்னும் வியக்கிறேன். நாணயங்கள் ஒன்பதாயிரத்துக்குப் போயின. வேன் கூலி முப்பத்தையாயிரம். குறைந்ததைத் தங்கையின் படிப்புக்காகச் சேர்த்திருந்த காசிலிருந்து எடுத்தோம்: இருபத்தாறாயிரம் ரூபாய்.