ஷெரின் அடித்துவிட்ட பத்து

போன சனிக்கிழமை மகளின் காலேஜுக்குப் போயிருந்தேன். பிரிபரேட்டரி பரீட்சையின் விடைத்தாள்களைப் பெற்றோர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று மெசேஜ் வந்திருந்தது.

ஷெரின் இப்போது செகண்ட் பியூசி, அதாவது பிளஸ் டூ. மெயின் பரீட்சைக்கு இன்னும் சில வாரங்கள்தான்.

கணக்குப் பேப்பரைக் கையில் வாங்கினேன். எண்பதுக்கு நாற்பத்தொன்று. குறைந்தால் குறையட்டும் என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். என்னை உலுக்கியது மார்க் இல்லை.

கோடுகள்.

பக்கத்துக்குப் பக்கம் எழுதி, எழுதி, குறுக்கே அடித்த கோடுகள். அடித்ததற்குக் கீழே வேறு ஏதோ விடை. அதற்குப் பூஜ்யம்.

கணக்கு மேடம் நல்ல மாதிரி. கோபப்படவில்லை. "நோடி மேடம், பாருங்க... அடிச்சிருக்காளே, அதெல்லாம் சரி. அடிச்சதுக்குக் கீழ எழுதினதுதான் தப்பு" என்று பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலுமாகச் சொன்னார். "நாலு கணக்கு இப்படி. அடிச்சதுக்கு நான் மார்க் போட முடியாதில்ல?"

பிறகு பக்கத்தில் நின்ற ஷெரினிடம் திரும்பினார். "யாக்கம்மா? ஏன் அடிச்ச?"

"டவுட் ஆயிடுச்சு மேம்" என்றாள் ஷெரின்.

நான் நாலாவது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கை எனக்குத் தெரியும். ஏனென்றால், அதே மாதிரிக் கணக்கை என் வீட்டு டைனிங் டேபிளில், என் கையால், சிவப்புப் பேனாவால் முதலில் அடித்தவள் நான்தான்.

கணக்கு இதுதான். ஒரு பரீட்சையில் ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், அதில் ஒன்றுதான் சரி. ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தால், சரியாக இரண்டு மட்டும் சரியாக வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு?

பரீட்சைக்குப் பத்து நாள் முன்பு ஷெரின் அதைப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். நான் பி.எஸ்சி. கணிதம். அது முடிந்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவேன்.

"இந்தப் பத்து எங்கேருந்து வந்துச்சு?" என்றேன்.

"பைனாமியல்மா. ஃபர்ஸ்ட் பியூசில படிச்சோமே, அதையே இங்க எக்ஸ்பாண்ட் பண்ணேன். ஒன்னு, அஞ்சு, பத்து, பத்து, அஞ்சு, ஒன்னு... அந்தப் பத்து."

"அது ஒரு சாப்டர், இது ஒரு சாப்டர். ரெண்டையும் எதுக்குடி கலக்குற? ரெண்டு சரி, மூணு தப்பு. கால் பெருக்கல் கால். அப்புறம் முக்கால் மூணு தடவ. முடிஞ்சுது. நடுவுல பத்து எங்க வருது?"

"வரும்மா..."

"ஏன் வரும்? சொல்லு பாப்போம்."

அவளால் வார்த்தையில் சொல்ல முடியவில்லை. மனதில் தெரிந்தது வாய்க்கு வரவில்லை. பதினேழு வயதில் யாருக்குத்தான் வரும்?

"ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, மாவுக் கையை மேலாகத் துடைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பத்தை அடித்தேன். என் கணவர் ஹாலிலிருந்து, "பேசாம வாசல்ல ட்யூஷன் போர்டு மாட்டிடு டீச்சரம்மா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஷெரின் சிரித்தாளா என்று கவனிக்கவில்லை.

இப்போது காலேஜில் மேடம் எனக்காக ஒரு துண்டுத்தாளில் ஐந்து கட்டம் போட்டுக் காட்டினார். சரியான இரண்டு எவை என்று கேள்வியில் சொல்லவில்லையே? முதலும் இரண்டாவதுமாக இருக்கலாம். முதலும் மூன்றாவதுமாக இருக்கலாம். நான்காவதும் ஐந்தாவதுமாகக்கூட இருக்கலாம். எண்ணினால் பத்து ஜோடி. நான் நினைத்தது அதில் ஒன்றே ஒன்றை. முதல் இரண்டும் சரி, மற்ற மூன்றும் தப்பு. மீதி ஒன்பதும் என் கண்ணில் படவே இல்லை.

"ரெண்டு சாப்டரையும் அவளா சேர்த்துப் போட்டிருக்கா. கிளாஸ்ல நான் அப்படிச் சொல்லிக் குடுக்கவே இல்ல. ரொம்ப சந்தோஷப்பட்டேன். பாத்தா, அடிச்சு வெச்சிருக்கா!" என்றார் மேடம்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "அது என்னால வந்தது மேடம்" என்று நாலு வார்த்தை. சுற்றிலும் மற்ற பெற்றோர்கள். வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்... பெரிய மனுஷி மாதிரி.

ஷெரினும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

விவேக் நகருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான்தான் ஆரம்பித்தேன்.

"மேம்கிட்ட ஏன் சொல்லல? எங்கம்மாதான் தப்புன்னு சொன்னாங்கன்னு?"

"எல்லார் முன்னாடியும் எதுக்குமா?"

"நீ போட்டதுதான் ஷெரின் சரி. நான்தான் தப்பு."

"தெரியும்மா. எக்ஸாம் முடிச்சு வெளிய வந்ததுமே ஃபிரெண்ட்ஸ் சொன்னாங்க."

"அப்பவே என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீ ஃபீல் பண்ணுவ."

கண்டக்டர் வந்து போனார். எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

"சரி... மத்த மூணு கணக்கு? அதெல்லாம் நான் பாக்கவே இல்லையே. அத ஏன் அடிச்ச?"

ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பத்து கரெக்ட்னு ரொம்ப ஷ்யூரா இருந்தேன்மா. அதுவே தப்புன்னா... மத்ததெல்லாம் மட்டும் எப்படிக் கரெக்டா இருக்கும்னு தோணிடுச்சு."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஒரு கணக்கைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் ஒரு கணக்குதான் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படித்த பெற்றோரான நமக்கு இது ஒரு வியாதி. பிள்ளை யோசித்து முடிப்பதற்குள் 'தப்பு' என்று சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்ல அரை நொடி போதும். திரும்ப எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லமா" என்றாள். அது உடனே வந்தது. யோசிக்காமல், பழகிப்போன மாதிரி. அதுதான் இன்னும் வலிக்கிறது.

அன்றிலிருந்து பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் கேட்கிறாள். "மா, இது சரியா?" "மா, இது ஓகேவா?" கணக்குக்கு மட்டும் இல்லை. ரெக்கார்டு நோட்டுக்கு எந்தக் கலர் அட்டை என்பதற்கும். பியூசியில் சேர்ந்தபோது தான் எடுத்த சப்ஜெக்டை என்னோடு சண்டை போட்டு நியாயப்படுத்திய பெண் இவள். பரீட்சை ஹாலில் பக்கத்தில் நான் இருக்க மாட்டேனே? அங்கே யாரைக் கேட்பாள்? அடிக்கத்தானே பேனாவை எடுப்பாள்?

நேற்று சாயங்காலம் மறுபடி ஒரு கணக்கு. போட்டு முடித்து நிமிர்ந்தாள்.

"மா, இது சரியா?"

சரிதான். நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"தெரியலையே" என்றேன்.

என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஒரே இழுப்பில், அடித்துவிட்டாள்.

நான் வெங்காயத் தோலை உரித்தேன். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை.

அவள் கீழே மறுபடி முதலிலிருந்து போட ஆரம்பித்தாள். ஐந்து நிமிடம். மறுபடி அதே விடை. அடித்தது மேலே, அடிக்காதது கீழே. இரண்டையும் பார்த்துக்கொண்டு, பேனாவை மூடாமல், அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்த முறை என்னைக் கேட்கவில்லை. அடித்தாளா, விட்டாளா என்று நான் பார்ப்பதற்குள் சர்ச்சில் கொயர் பிராக்டிஸ் என்று நோட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அந்த நோட்டு இங்கேதான், நான் எழுதும் மேசை மேலேயே கிடக்கிறது. நான் திறக்கவில்லை... இந்த வரி வரைக்கும்.