பகலில் சொல்லக்கூடாதவை

இத்தாலியின் பலெர்மோவை விட்டு ஏன் அயர்லாந்துக்குப் போனாய் என்று யார் கேட்டாலும் என் தங்கையிடம் ஒரே பதில்தான். பிள்ளையின் வாய். அப்போது அவர்கள் பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தார்கள். யன்னலைத் திறந்தால் கீழே சந்தை. மீன்காரனும் மரக்கறிக்காரனும் காலையிலிருந்து மத்தியானம் வரை ஒருவரையொருவர் வைதுகொண்டே வியாபாரம் செய்வார்கள். அதில் கோபம் கிடையாது, தொண்டை மட்டும்தான். ஐந்து வயதில் தங்கையின் மகள், கத்தரிக்காய் வேண்டாம் என்பதை மீன்காரனின் பாணியில் சொல்லிவிட்டாள். தங்கை சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். இத்தாலியக் குடியுரிமை வந்த கையோடு குடும்பமாகப் புறப்பட்டுப் போய்விட்டார்கள்.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. மேல்மாடியிலிருந்து தலையணையோடு இறங்கி வந்து என் கட்டிலில் நித்திரை கொண்ட பிள்ளை அவள். அவளை ஒரு வசவுக்காகத் தூக்கிக்கொண்டு போனாளே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

போன பிறகு தங்கை தொலைபேசியில் அயர்லாந்துப் புராணம் பாடத் தொடங்கினாள். அதில் முக்கியமான அத்தியாயம் அங்கத்தைய தொலைக்காட்சி. பகல் நேரத்தில் ஒரு கெட்ட வார்த்தை வராதாம். விளையாட்டு நடக்கும்போது யாராவது ஒலிவாங்கிக்குக் கிட்ட நின்று வாய் தவறினால், வர்ணனையாளர் அந்த நிமிடமே மன்னிப்புக் கேட்பாராம், பிள்ளைகள் பார்க்கிற நேரம் என்று. எங்கள் ஊர்த் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பற்றிக் கதைக்க உட்காருகிற பெரிய மனிதர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே மேசையில் அடித்துக் கத்துவார்கள். பொலிதேயாமாப் பக்கத்தில் நான் வேலை செய்யும் வீட்டுக்காரி, அந்த சிஞ்ஞோரா, அதைப் பார்த்துக்கொண்டுதான் பசியோடு சாப்பிடுவார்.

பிள்ளை வளர்ந்தாள். தொலைபேசியைக் கொடுத்தால் "ஹாய் பெரியம்மா" என்பாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் விடை சொல்வாள், இரண்டு நிமிடத்தில் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவளிடமிருந்து எங்களை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வருடம்தான் தங்கை மனம் இறங்கினாள். ஆகஸ்ட் மாதம் மகளைத் தனியே என்னிடம் அனுப்புவதாகச் சொன்னாள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தாள்.

"அங்கத்தையச் சந்தைக் கதை அவளின்ரை வாயிலை ஒருக்கால் வந்ததெண்டு கேள்விப்பட்டாலும் அனுப்பமாட்டன் அக்கா."

வராது என்று நான் உறுதி சொன்னேன். என் கட்டிலுக்குப் புது விரிப்பும் வாங்கிவிட்டேன்.

அதற்கு முன்னால் வந்தது அந்தப் போட்டி. பிள்ளை அங்கே பெண்கள் ஆடும் ஒரு மட்டை விளையாட்டில் பேரெடுத்திருந்தாள். ஹொக்கிக்குச் சொந்தக்காரி போன்ற விளையாட்டு, ஆனால் பந்து பாதி நேரம் ஆகாயத்தில் பறக்கும், மட்டைகளும் அதன் பின்னால் பறக்கும். அவளுடைய இளையோர் அணி இறுதிப் போட்டிக்கு வந்து, அதை ஞாயிறு மத்தியானம் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப் போகிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்துப் பெரிய திரையில் எல்லாருமாகப் பார்ப்போம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன்.

பங்குத் தந்தை பலெர்மோவிலேயே பிறந்து வளர்ந்தவர், விளையாட்டு ரசிகர்களை நன்றாக அறிந்தவர். மறைக்கல்விப் பிள்ளைகளும் இருப்பார்களே, ஏதும் அசிங்கமாக வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். நான் தங்கையின் புராணத்தை அப்படியே அவருக்கு ஒப்புவித்தேன். தொலைக்காட்சி மன்னிப்புக் கேட்குமா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். பிறகு சாவியைத் தந்தார்.

ஞாயிறு மண்டபம் நிறைந்தது. எங்கள் நாட்டு மன்னார்ச் சனம் பற்றிஸ் பொரித்துக் கொண்டுவந்தது, தீவுப்பகுதிச் சனம் ரோல்ஸ் கொண்டுவந்தது. எங்கள் ஆட்கள் செபம் சொல்லாமல் மின்விசிறி கூடப் போடமாட்டார்கள், அதனால் முதலில் பிள்ளையின் அணி வெல்ல செபமாலையில் ஒரு பத்து மணி. எதிரணியும் கத்தோலிக்கப் பிள்ளைகள்தான், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார் பாதர். பெண்கள் சேர்த்துத்தான் சொன்னார்கள், ஆனால் குரல் பாதியாகக் குறைந்துவிட்டது.

மன்னார்ப் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான் திரைக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். முதற் பாதியில் எதிரணிப் பயிற்றுநர் நடுவரைப் பார்த்து ஏதோ சொன்னார். சிறிய வார்த்தைதான். உடனே வர்ணனையாளர் மெல்லிய குரலில், இந்த நேரத்தில் இப்படியொரு சொல் உங்கள் காதில் விழுந்ததற்கு வருந்துகிறோம் என்றார். நான் அதை இரட்டிப்பு மரியாதையுடன் சொன்னேன். மண்டபம் வியந்தது. பாதர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்களுக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்பது போல நிமிர்ந்து நின்றேன்.

இரண்டாம் பாதியில் எங்கள் பிள்ளை பந்தோடு ஓரக்கோட்டால் ஓடினாள். பின்னால் வந்தவள் பந்தை விட்டுவிட்டு மட்டையால் அவளுடைய விரல் மொட்டியில் போட்டாள். பிள்ளை விழுந்தாள். எழும்பினாள். ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்தது. ஐந்து விரல்களையும் கூம்பாகச் சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடித்தவளையும் அவளுடைய தாயையும் செத்துப்போன மூதாதையரையும் வரிசையாக அழைத்து, எங்கள் சந்தையின் சுத்தமான சிசிலியன் மொழியில், மூச்சு விடாமல் முழு வசனமாக ஒன்று சொன்னாள்.

மறைக்கல்விப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழுந்தார்கள். பெரியவர்கள் ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் மன்னிப்புக்காகக் காத்திருந்தார்கள்.

வர்ணனையாளரின் குரல் கனிந்திருந்தது. தன் சொந்த மொழியில் இரண்டு வார்த்தை சொல்கிறாள், தமிழ், உலகத்தின் மிகப் பழைய மொழிகளில் ஒன்று, எங்கள் மைதானத்தில் அதைக் கேட்பது எவ்வளவு அழகு என்றார். பக்கத்தில் இருந்தவர், சங்கீதம் மாதிரி இருக்கிறது என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று பாதர் கேட்டார்.

மன்னிப்புக் கேட்கிறார் என்றேன்.

"இவ்வளவு சந்தோஷமாகவா?"

அயர்லாந்துக்காரர் அப்படித்தான் கேட்பார்கள் என்றேன். என் முகம் வெட்கத்தில் எரிந்தது. உள்ளுக்குள்ளே எனக்கு எழும்பி ஆடவேண்டும் போல இருந்தது. கழுவித் துடைத்த பிள்ளை என்று நினைத்தேனே, அடி விழுந்ததும் எங்கள் தெருவுக்கல்லவா ஓடிவந்தாள். அதோடு ஆகஸ்ட் மாதம் போச்சு என்பதும் எனக்குத் தெரிந்தது.

ஒரு புள்ளியால் வென்றார்கள். மண்டபம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே மைதானத்திலிருந்து தங்கை அழைத்தாள். நான் வெளியே ஒழுங்கைக்கு ஓடினேன். மகள் தொலைக்காட்சியில் தமிழ் பேசினாளாம் என்று அங்கே எல்லாரும் வந்து தனக்குக் கை கொடுக்கிறார்களாம். என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

"மாதாவே எண்டு கூப்பிட்டவள்," என்றேன்.

"தமிழிலையோ?"

"ஓம். நல்ல தமிழ்."



"பொய் சொல்லாதை அக்கா. நான் கோட்டுக்குப் பக்கத்திலைதான் நிண்டனான்."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்து வயதில் காதில் விழுந்ததற்குப் பிள்ளை என்ன செய்யும், பிழை மீன்காரனுடையது, அவன் கத்தினதற்கு அவளைத் தண்டிக்காதே என்று படபடவென்று சொன்னேன். அவளை ஒரு மாதமாவது என்னிடம் விடு என்று கெஞ்சியே விட்டேன்.

"மீன்காரன் அவ்வளவு நீட்டாச் சொல்லமாட்டான்," என்றாள் தங்கை. "அது என்னட்டைப் பழகினது."

எனக்கு விளங்கவில்லை.

பஸ் தவறினால் தங்கை அதைச் சொல்வாளாம். வேலையிடத்தில் மேலாளர் ஏசினால் வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று சொல்வாளாம். குளிர்காலம் முழுக்கச் சொல்வாளாம். அங்கே ஒருவருக்கும் விளங்காதுதானே, சொன்னால் மனம் ஆறுகிறது என்றாள். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு அழுதவள் பேசுகிற பேச்சு இது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவளை நினைக்கப் பாவமாகவும் இருந்தது. போன நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூட இங்கே வந்து எட்டிப் பார்க்கவில்லை, லீவு இல்லை, ரிக்கற் விலை என்று சாட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்போ ஆகஸ்ட் என்ன மாதிரி என்று பயந்து பயந்து கேட்டேன்.

"அவளைத் தனிய விடேலாது," என்றாள். புது விரிப்பை மடித்து வைக்கவேண்டியதுதான் என்று நினைத்தேன். "நானும் வாறன் அக்கா. விளங்குற சனத்துக்கு முன்னாலை நிண்டு ஒருக்காலெண்டாலும் அதைச் சொல்லவேணும்."