வெளியே கொட்டிய பவுடர்

குப்புறப் படுத்திருப்பவனுக்கு உலகம் என்பது பாதங்கள்தான். அன்று கட்டில் விளிம்புக்கு வெளியே தலையை நீட்டிக் கிடந்த எனக்கு மூன்று ஜோடி தெரிந்தன: டாக்டரின் ஷூ, நர்ஸின் வெள்ளைச் செருப்பு, என் மச்சானின் வெறுங்கால்கள். டாக்டர் என் முதுகுக் கட்டைப் பிரித்தார். ஷூ கட்டிலை நெருங்கி வந்தது. "என்ன சார்?" என்றேன். மச்சானின் கட்டைவிரல் மட்டும் தரையைக் கீறிக்கொண்டிருந்தது.

மச்சான் என் மனைவியின் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலை. மறை கழன்றவன் என்று அவர்கள் வீட்டில் நெடுநாளாகச் சொல்லிவந்த எனக்கு, முதுகெலும்பில் ஸ்க்ரூ வைத்து முடுக்கியபோது லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தான். எனக்குச் சர்க்கரை உண்டு. அதனால் தையல் போடுமுன் காயத்துக்குள்ளேயே ஆன்டிபயாடிக் பவுடர் தூவுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அது முன்னெச்சரிக்கைதான், உத்தரவாதம் இல்லை. ஸ்க்ரூவில் கிருமி சேர்ந்தால் மறுபடி திறக்க வேண்டும் என்றும் சொன்னார். இந்த இரண்டாவது பாதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதல் பாதியை மட்டும், எங்கள் பருத்திப்பட்டு வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம், மாங்காய்க்கு உப்புத் தூவுவதுபோலக் கையை ஆட்டி நடித்துக் காட்டினேன்.

என் முதுகை நான் பார்க்க முடியாது. தினமும் அவன்தான் கட்டை லேசாக விலக்கிப் பார்ப்பான். "எப்படிடா இருக்கு?" என்றால், "சோக்கா கீது மாமே. உன் மூஞ்சிக்கு இது எவ்வளவோ தேவல" என்பான். அப்படியிருக்க, ஒரு காலை என் பனியனில் மஞ்சளாக ஈரம் படிந்திருப்பதை மனைவி பார்த்துவிட்டாள். உடனே கிளம்பினோம். ஆஸ்பத்திரி போகும்வரை மச்சான் வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்கு முதல் பயம்.

"மஞ்சளா ஊறியிருக்கு. இன்னிக்கே திறந்து பாத்துடலாம்" என்றார் டாக்டர். வெள்ளைச் செருப்பு ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லக் கிளம்பியது. எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

"சார்... அது சீழ் இல்ல சார்." மச்சானின் குரல் இறங்கியிருந்தது. "நான்தான் மாமா முழுங்கற மஞ்சக் கேப்சூல ஒடச்சி மேல கொட்டினேன். உள்ள போட்டா நல்லதுன்னு மாமா சொல்லிச்சு. வெளியவும் போட்டா இன்னும் நல்லதாச்சேன்னு..."

மாத்திரையைப் பிரித்துக் காயத்தில் கொட்டுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. முட்டி சிராய்த்த என் பிள்ளைகளுக்கு நானே கொட்டியிருக்கிறேன்.

"நான் போட்டது தியேட்டர்ல, கிருமி இல்லாத பவுடர். நீங்க போட்டது வாய்ல போடறது" என்றார் டாக்டர். கழுவியதும் மஞ்சள் போய்விட்டது. அடியில் தையல் சிவந்திருந்தது. சிவப்பு பவுடராலா கிருமியாலா என்று டெஸ்ட் முடிவு வந்தால்தான் தெரியும். அதுவரை அங்கேயே படுக்கை.

அந்தக் காத்திருப்பில் எந்தப் பக்கம் படுத்தாலும் முள்ளாக இருந்தது. லேசாக அரித்தால்கூட ஸ்க்ரூவைக் கழற்றுகிறார்கள் என்று தோன்றும். மச்சான் உள்ளேயே வரவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தான். அவ்வப்போது வாசலில் நின்று நர்ஸிடம், "மாமாவுக்கு ஜொரம் கீதா சிஸ்டர்?" என்று கேட்பான். நான் தூங்குவதுபோல நடித்தேன். அவனைத் திட்டத்தான் நினைத்தேன். கையை ஆட்டிப் பவுடர் தூவிக் காட்டியது யார் என்று திருப்பிக் கேட்டுவிடுவானோ என்றுதான் திட்டவில்லை.

கிருமி எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. அவன் உள்ளே வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா மாமே, என் பவுடரு வேலை செஞ்சிகீது" என்றான். எட்டி உதைக்க எனக்கு அனுமதி இல்லை.

இப்போது அவன் எங்கள் வீட்டை விட்டுத் தள்ளி நசரத்பேட்டையில் இருக்கிறான். முதுகை நானே போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் அதையே நாள் முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆகவே முதுகில் லேசாகச் சூடு தட்டினாலும் அவனைத்தான் கூப்பிடுகிறேன். திட்டிக்கொண்டே வண்டியில் வருகிறான். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறான். என் சட்டையைத் தூக்குமுன், தன் பேண்ட் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டுகிறான்.

"காலி மாமே. திரும்பு."